எழுத்து தெரிந்தால் போலிக் கல்லா? ரத்தினம் ஒளிரும் விதம்

நகைக்கடையிலும் சரி, கல்யாண வீட்டிலும் சரி, கல் வைத்த நகையைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இந்தச் சோதனையைச் சொல்லிவிடுவார்: "செய்தித்தாள் மேல கல்லை வைங்க. எழுத்து தெரிஞ்சா டூப்ளிகேட், தெரியலைன்னா ஒரிஜினல்." செய்து பார்க்கச் சுலபம் என்பதால் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஆனால் இலங்கை மண்ணில் தோண்டியெடுத்த அசல் நீலக்கல் ஒன்றில் எழுத்து பளிச்சென்று தெரியலாம். வைரம் போலத் தோன்றும்படி செய்த மலிவான அமெரிக்கன் டைமண்டில் ஓர் எழுத்தும் தெரியாமல் போகலாம். இந்தச் சோதனையை நம்பி நல்ல கல்லை ஒதுக்கியவர்களும் உண்டு, சாதாரணக் கல்லைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களும் உண்டு.

ஒளி கல்லுக்குள்ளேயே இருக்கிறது, அசலான கல் என்றால் தானாக மின்னும் என்ற நம்பிக்கைதான் இந்தக் குழப்பத்துக்கு வேர். இருட்டில் நாகரத்தினம் ஒளிவிடும் என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உண்மையில் எந்த ரத்தினமும் கும்மிருட்டில் தானாக மின்னாது. வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை வாங்கி, உள்ளே திருப்பி, கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு, மீதியை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அந்த வெளிச்சம் எந்த வழியில் போய்த் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் கல் தீட்டுபவரும் பொற்கொல்லரும். நகைக்கலையின் பெரும்பகுதி அந்த முடிவில்தான் இருக்கிறது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

மாணிக்கம், நீலக்கல், புஷ்பராகம் என்ற பெயரில் விற்கப்படும் மஞ்சள் சஃபையர் ஆகிய மூன்றும் ஒரே கனிமம். கனிமம் என்றால் பூமிக்குள் இயற்கையாக உருவான, குறிப்பிட்ட ரசாயன அமைப்பு உடைய திடப்பொருள். இந்த மூன்றின் கனிமப் பெயர் குருந்தம். அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்து சுத்தமாக உருவானால் குருந்தத்துக்கு நிறமே கிடையாது, கண்ணாடி போல வெறுமையாக இருக்கும்.

நிறத்தைக் கொடுப்பது உள்ளே தப்பிப் புகுந்த வேறு அணுக்கள். குரோமியம் கொஞ்சம் கலந்தால் அது வெளிச்சத்தில் இருக்கும் பச்சை, மஞ்சள், ஊதாப் பகுதிகளை விழுங்கிவிடும். விழுங்காமல் விட்ட சிவப்பு நம் கண்ணுக்கு வரும். அதைத்தான் மாணிக்கம் என்கிறோம். இரும்பும் டைட்டானியமும் ஜோடியாகப் புகுந்தால் நீலம். அளவு மிகக் குறைவு. ஒரு சதவீதத்தில் நூறில் சில பங்கு இருந்தாலே நல்ல நீலம் கிடைத்துவிடும். நாம் பெரும் விலை கொடுப்பது ஒருவகையில் இந்த அசுத்தத்துக்குத்தான்!

மரகதத்தைப் பச்சையாக்குவதும் பெரும்பாலும் இதே குரோமியம்தான். ஆனால் மரகதம் பெரில் என்ற வேறு கனிமம். அங்கே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் வேறு என்பதால், குரோமியம் விழுங்கும் நிறங்களும் கொஞ்சம் இடம் மாறுகின்றன. சிவப்பு போய்ப் பச்சை வந்துவிடுகிறது. மாணிக்கத்திடம் இன்னொரு குணமும் உண்டு. பர்மாவின் மோகோக் மாணிக்கங்களைப் போல இரும்பு குறைவாக உள்ளவை, வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிரை வாங்கிச் சிவப்பு ஒளியாகத் திருப்பி உமிழும். வெயிலில் தணல் போல ஒளிர்வது இதனால்தான். நாகரத்தினக் கதைக்கு அருகில் வருவது இது போன்ற குணம்தான். இதற்கும் வெளியிலிருந்து கதிர் வேண்டும்.

ஆக, கல்லின் நிறம் எந்த ஒளியைக் கல் விழுங்குகிறது என்பதைப் பொறுத்தது. மின்னுவது வேறு சங்கதி.

தண்ணீர் டம்ளருக்குள் ஒரு கண்ணாடி

கல் மின்னுவதைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கண்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். டம்ளரின் பக்கவாட்டு வழியாக, கீழிருந்து மேல்நோக்கித் தண்ணீரின் மேல்பரப்பைப் பாருங்கள். தண்ணீர் தெளிவானதுதான், மேலே இருப்பதும் வெறும் காற்றுதான். ஆனாலும் மேல்பரப்பு வெள்ளித் தகடு போலப் பளபளக்கும். மேலே விரலை நீட்டினால் தெரியாது. உள்ளே ஸ்பூனைப் போட்டால் அதன் பிம்பம் அந்தத் தகட்டில் தெரியும். ரசம் பூசாத ஒரு கண்ணாடி அங்கே உருவாகியிருக்கிறது.

காரணம் இதுதான். ஒளி காற்றில் ஒரு வேகத்தில் போகிறது, தண்ணீரில் அதைவிட மெதுவாகப் போகிறது. ஒரு பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு வேகம் குறைகிறது என்பதைக் காட்டும் எண்ணை ஒளிவிலகல் எண் என்பார்கள். தண்ணீருக்கு அது 1.33, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.5, குருந்தத்துக்கு 1.77, வைரத்துக்கு 2.42. வேகம் குறைவான பொருளிலிருந்து காற்றுக்கு வெளியேற முயலும் ஒளி, பரப்பின் மேல் ஓரளவு நிமிர்ந்து விழுந்தால் வெளியே போய்விடும். ரொம்பச் சாய்ந்து விழுந்தால் வெளியேற முடியாமல் முழுவதுமாக உள்ளேயே திரும்பிவிடும். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பு இதுதான். வெளியேறுவதற்கும் திரும்புவதற்கும் நடுவிலுள்ள எல்லைதான் மாறுநிலைக் கோணம். இதைப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்க வேண்டும்.

ஒளிவிலகல் எண் கூடக் கூட இந்தக் கோணம் குறையும். கண்ணாடிக்குச் சுமார் 42 பாகை, குருந்தத்துக்கு 34 பாகைக்குச் சற்று மேல், வைரத்துக்கு 24 பாகைக்குச் சற்று மேல். அதாவது வைரத்துக்குள் நுழைந்த ஒளி வெளியேற இருக்கும் வாசல் மிகக் குறுகியது. அது தப்பிக்க முடியாமல் உள்ளேயே முட்டி மோதித் திரும்பும். கண்ணாடியில் வாசல் அகலம், சுலபமாக ஒழுகிவிடும். கண்ணாடிக் கல்லுக்கு எவ்வளவு அழகாகப் பட்டை போட்டாலும் வைரம் போல வராததற்கு இது முக்கியக் காரணம்.

ஒளி வளையும்போது நிறங்களாகப் பிரிவதும் உண்டு, அதன் பெயர் நிறப்பிரிகை. வைரத்தைத் திருப்பும்போது தெறிக்கும் சிவப்பு, நீலப் பொறிகள் அதனால் வருபவை. நீலக்கல்லில் நிறப்பிரிகை குறைவு, சொந்த நிறமும் இருப்பதால் பொறி தெரிவதே அரிது. அமெரிக்கன் டைமண்டில் அது வைரத்தைவிட அதிகம். வைரம் என்று சொல்லப்படும் கல் வானவில்லாக அள்ளி வீசினால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

பட்டை என்பது அலங்காரமல்ல

இப்போது செய்தித்தாள் சோதனைக்கு வருவோம். கல்லின் மேல்முகம் வழியாக உள்ளே வரும் ஒளி, கீழே கூம்பாகச் சரிந்திருக்கும் பட்டைகளில் மோதுகிறது. அந்தச் சரிவு போதுமான செங்குத்தாக இருந்தால் ஒளி மாறுநிலைக் கோணத்தைத் தாண்டிச் சாய்வாக விழும். ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குத் தாவி, மேலே திரும்பி நம் கண்ணுக்கு வரும். சரிவு தட்டையாக இருந்தால் ஒளி நேராகக் கீழே ஒழுகிவிடும். ஒளி கீழே போகிற வழியில்தான் கீழே இருக்கும் எழுத்தும் மேலே வரும். நடுவில் ஜன்னல் திறந்தது போல இருக்கும் அந்த இடத்தைத் தொழிலில் 'விண்டோ' என்றே சொல்கிறார்கள்.

எழுத்து தெரிவதற்கு அர்த்தம் அவ்வளவுதான். அசலான நீலக்கல்லைத் தட்டையாகத் தீட்டியிருந்தால் விண்டோ இருக்கும். ஒளிவிலகல் எண் 2.15க்கு மேல் இருக்கும் அமெரிக்கன் டைமண்டைச் சரியாகத் தீட்டியிருந்தால் விண்டோ இருக்காது. கல் எது என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

வைரத்துக்கு இந்தக் கோணக் கணக்கை எழுத்தில் வடித்துக் காட்டியவர்களில் புகழ்பெற்றவர் மார்செல் டோல்கோவ்ஸ்கி. பெல்ஜியத்தின் வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்த பொறியாளர். 1919இல் அவர் சொன்ன கணக்குப்படி கீழ்ப்பக்கச் சரிவு 40.75 பாகை, மேல்பக்கச் சரிவு 34.5 பாகை. இன்றைய வட்ட வைரங்கள் இந்தக் கணக்கைச் சுற்றித்தான் தீட்டப்படுகின்றன.

அதற்கு முன்பு எல்லோரும் மினுமினுப்பைத்தான் விரும்பினார்கள் என்று நினைக்கக் கூடாது. கோஹினூர் வைரம் 1851இல் லண்டன் ஹைட் பார்க் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, பார்க்கப் போனவர்கள் 'இவ்வளவுதானா' என்று ஏமாந்து திரும்பினார்கள். இந்திய வழக்கப்படி, எடையையும் உருவத்தையும் காப்பாற்றித் தீட்டிய கல் அது. அடுத்த ஆண்டே விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட்டின் மேற்பார்வையில் மறுபடி தீட்டினார்கள். இன்றைய அளவில் சுமார் 191 காரட்டாக இருந்தது 105.6 காரட் ஆனது. காரட் என்பது கல்லின் எடை, ஒரு காரட் 0.2 கிராம். தங்கத்தின் தூய்மையைச் சொல்லும் 22 கேரட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பளபளப்புக்காக நாற்பது சதவீதத்துக்கும் மேல் தூளாக்கிய அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. பழைய தீட்டலுக்கு அதற்கே உரிய அழகும் வரலாறும் இருந்தன. அதைக் குறையாகப் பார்த்தவர்கள் அந்த அழகைப் பார்க்கப் பழகாதவர்கள்.

ஒரே ஒரு நீலத் திட்டு

கல் தீட்டுபவரின் கையை அருகிலிருந்து பார்க்க வேண்டுமானால் இலங்கை நீலக்கல்தான் சரியான இடம். இரத்தினபுரிப் பகுதியில் வயல்களுக்கு நடுவே குழி தோண்டி, 'இல்லம்' எனப்படும் சரளை அடுக்கை எடுத்து, கூடையில் போட்டுத் தண்ணீரில் அலசிக் கல் பொறுக்குவார்கள். கிடைக்கும் கற்கள் பல நேரங்களில் பேருவளைச் சந்தைக்கு வந்து சேரும். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கல் வியாபாரம் செய்துவருபவர்களில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் ஏராளம்.

அந்தக் கற்களில் நிறம் எங்கும் சீராக இருப்பதில்லை. கல் முழுக்க வெள்ளையாக இருக்கும், ஒரு மூலையில் மட்டும் நீலத் திட்டு இருக்கும். தெரியாதவர் கையில் சிக்கினால் அந்தத் திட்டு ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், கல் பாதி வெளுப்பாகக் காட்டும். தெரிந்தவர் கல்லை விளக்குக்கு நேரே பிடித்து, எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு அந்த நீலத் திட்டு கல்லின் அடிநுனியில் வருமாறு கோணத்தைத் தேர்ந்தெடுப்பார். மேலிருந்து நுழையும் ஒளி திரும்புவதற்கு முன் அடிப்பகுதியைத் தொட்டாக வேண்டும், தொடும்போது நீலத்தை வாங்கிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் கல் முழுவதும் நீலம். பக்கவாட்டில் திருப்பினால் மேல்பாதி தண்ணீர் மாதிரி இருக்கும். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒளி போகும் வழியைத் தெரிந்து செய்த வேலை இது.

இன்னொரு கணக்கும் உண்டு. நீலக்கல்லை ஒரு திசையில் பார்த்தால் ஆழ்ந்த ஊதா கலந்த நீலம், அதற்குக் குறுக்கே பார்த்தால் பச்சை கலந்த நீலம். நல்ல நீலம் தெரியும் திசையை மேல்முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் அப்படி வைத்தால் எடை குறையலாம். எடைக்கு விலை, நிறத்துக்கும் விலை, நடுவில் விரிசல்களையும் தாண்ட வேண்டும். தோண்டி எடுத்த கல்லில் பாதிக்கு மேல் சாணைச் சக்கரத்தில் தூளாகப் போவது சாதாரணம்.

இதுவரை பார்த்தது: நிறம் அணுக்களால் வருகிறது, மினுமினுப்பு கோணத்தால் வருகிறது, இரண்டையும் ஒரே கல்லில் சேர்ப்பது தீட்டுபவரின் தீர்மானம்.

பட்டையே வேண்டாத கற்கள்

சில கற்களுக்குப் பட்டை போட்டால் அழகு போய்விடும். அவற்றை மேலே குமிழாக வழவழவென்று தீட்டுவார்கள். அதற்கு கபோஷான் என்று பெயர். நட்சத்திர நீலக்கல் அப்படிப்பட்டது. அதற்குள் ரூட்டைல் என்ற வேறொரு கனிமம் முடியைவிட மெல்லிய ஊசிகளாக மூன்று திசைகளில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு திசை ஊசிக் கூட்டமும் ஒரு ஒளிக்கோட்டைப் பிரதிபலிக்கும். மூன்று கோடுகள் குறுக்கே சந்தித்தால் ஆறு கதிர் நட்சத்திரம். குமிழின் அடிப்பாகம் அந்த ஊசிகளின் தளத்துக்கு இணையாக இல்லாவிட்டால் நட்சத்திரம் உச்சியிலிருந்து ஓரத்துக்குச் சரிந்துவிடும். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் 563 காரட் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' பெயரில்தான் இந்தியா, கல் இலங்கையைச் சேர்ந்தது என்றே கருதப்படுகிறது.

வைடூரியத்தில் இழைகள் ஒரே திசையில் ஓடுவதால் பூனைக்கண் போல ஒற்றைக் கோடு. சந்திரகாந்தக்கல்லில் இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார் கனிமங்கள் மிக மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி இருக்கும். அவற்றில் சிதறும் ஒளிதான் மேலே மிதக்கும் அந்த நீலப் பால்நிறம். இலங்கையின் மீட்டியாகொடை இதற்குப் பேர்போனது. நம் காங்கேயம், கரூர்ப் பக்கமும் சந்திரகாந்தக்கல் கிடைக்கிறது.

இயற்கை, செயற்கை, போலி

இந்த மூன்றையும் பேச்சில் போட்டுக் குழப்புவதால்தான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். மண்ணில் விளைந்தது இயற்கைக் கல். அதே ரசாயன அமைப்பை, அதே அணு அடுக்கை ஆலையில் வளர்த்தால் செயற்கைக் கல். வேறொரு பொருளைப் பார்வைக்கு மட்டும் அதே மாதிரி காட்டினால் போலிக் கல்.

செயற்கை மாணிக்கம் ஒன்றும் புதிதல்ல. பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னே 1902இலேயே செய்முறையை அறிவித்துவிட்டார். அலுமினியம் ஆக்சைடு தூளோடு துளி குரோமியம் சேர்த்து, ஹைட்ரஜன் எரியும் சுவாலை வழியாக மெல்ல உதிர்த்தால், உருகிய துளிகள் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து கல்லாக வளரும். சில மணி நேர வேலை. அந்தக் கல் அணுவளவில் மாணிக்கமே. அதனால் நிறம், கடினம், ஒளிவிலகல் எதிலும் வித்தியாசம் பிடிபடாது. பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், உள்ளே வளர்ச்சிக் கோடுகள் வளைந்திருக்கும், சில சமயம் காற்றுக் குமிழியும் இருக்கும். இயற்கைக் கல்லில் அந்தக் கோடுகள் நேராக, கோணமாக மடங்கி ஓடும்.

அமெரிக்கன் டைமண்ட் இதிலிருந்து வேறு. அது கியூபிக் சிர்கோனியா. 1970களில் சந்தைக்கு வந்தது. வைரத்துக்கும் அதற்கும் ரசாயன உறவே இல்லை. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வீடுதோறும் பட்டை தீட்டி நம் ஊர்ப் பேச்சில் 'செயற்கை வைரம்' என்று பெயர் பெற்றவையும் இப்படிப்பட்ட கற்களே. இன்று ஆலையில் வளர்க்கும் லேப் வைரமோ நிஜமான கார்பன் வைரம். வைரம் என்று விற்றால் அமெரிக்கன் டைமண்ட் போலி. லேப் வைரம் போலியல்ல, அது விளைந்த இடம்தான் வேறு.

இயற்கைக் கல்லிலும் மனிதக் கை பட்டிருக்கும். இலங்கையில் 'கெவுட' என்ற பால் கலங்கிய கற்களை ஒரு காலத்தில் ஒதுக்கிப் போட்டார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை 1,500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கியபோது, கலக்கத்துக்குக் காரணமான ரூட்டைல் கரைந்து, அதிலிருந்த டைட்டானியம் இரும்போடு ஜோடி சேர்ந்து நீலம் பிறந்தது. சூடாக்குவது உலகச் சந்தை ஏற்றுக்கொண்ட முறை, நிறமும் நிலையானது. ஆனால் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும், சூடு காணாத கல்லுக்கு விலை அதிகம். விரிசலுக்குள் ஈயக் கண்ணாடியை நிரப்பிய மாணிக்கம் வேறு ரகம். அதைப் பொற்கொல்லரின் தீயும் அமிலமும் கெடுத்துவிடும். அதைச் சொல்லாமல் விற்பது மோசடி.

நகைக்குள் கல் உட்காரும் விதம்

நம் பாட்டிமார் போட்டிருந்த ஏழுகல் வைரத்தோட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் தங்கத்தால் மூடியிருக்கும். க்ளோஸ் செட்டிங் என்பது அதுதான். கல்லுக்குப் பின்னால் மெல்லிய பளபளப்பான தகடு வைத்து மூடியிருப்பார்கள். பழைய கற்களில் ஆழமில்லை, சரிவும் கணக்காக இல்லை, ஒளி கீழே ஒழுகும். ஒழுகியதைப் பின்னாலிருக்கும் தகடு திருப்பி அனுப்பிவிடும். நாகர்கோவில் வடசேரியின் கோவில் நகைகளில் சிவப்புக் கெம்புக்கல்லுக்கு அடியிலும் இதே தந்திரம்தான். கருவறையின் எண்ணெய் விளக்கு வெளிச்சம் சிறியது, மஞ்சள் நிறத்தது, அசைவது. அந்த வெளிச்சத்தில் தகடு வைத்த தட்டைக் கல் தரும் மென்மையான சிவப்பைக் கணக்காகப் பட்டை போட்ட கல் தந்துவிடாது. பழைய வேலையை மட்டம் தட்டுபவர்கள் அந்த நகைகளை டியூப்லைட்டில் மட்டும் பார்த்தவர்கள்.

ஓப்பன் செட்டிங் இதற்கு நேரெதிர். 1886இல் அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனி ஆறு மெல்லிய கம்பிகளால் வைரத்தை மோதிரத்துக்கு மேலே தூக்கி நிறுத்தியது பெயர் பெற்ற உதாரணம். அங்கே பின்னால் தகடு இல்லை, கல்லின் சொந்தக் கோணங்களே கண்ணாடி. அதனால் கல் கணக்காகத் தீட்டியிருக்க வேண்டும். உலோகத்தின் நிறமும் சேரும். இலேசாக மஞ்சள் ஓடிய வைரம் மஞ்சள் தங்கத்தில் வெள்ளையாகத் தெரியும், பிளாட்டினத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு நகைகளும் வேறு வேறு விதமாக மங்கும். ஓப்பன் செட்டிங்கில் தலைக்கு வைத்த எண்ணெயும் சோப்பும் கல்லின் அடியில் படியும். வைரத்துக்கு அடியில் காற்று இருக்கும் வரை மாறுநிலைக் கோணம் 24 பாகை, எண்ணெய் ஒட்டிவிட்டால் அது 37 பாகையை ஒட்டி ஏறிவிடும். வாசல் அகலமாகித் திரும்ப வேண்டிய ஒளியில் ஒரு பகுதி எண்ணெய் வழியே ஒழுகிவிடும். மேல்முகத்தை எவ்வளவு துடைத்தாலும் பயன் இல்லாததற்குக் காரணம் இதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து, மிருதுவான டூத்பிரஷால் பின்பக்கத்திலிருந்து தேய்த்தால் போதும். க்ளோஸ் செட்டிங் நகையை மட்டும் தண்ணீரில் போடவே கூடாது. இடுக்கு வழியாக ஈரம் போனால் உள்ளே இருக்கும் தகடு கறுத்துவிடும். பிறகு கல்லைப் பிரித்துத் தகட்டை மாற்றிக் கட்டுவதைத் தவிர வழியில்லை. அதை உலர்ந்த துணியால் துடையுங்கள். மரகதம் எந்தக் கட்டில் இருந்தாலும் சுடுதண்ணீரும் கடைகளில் வைத்திருக்கும் அல்ட்ராசானிக் மெஷினும் வேண்டாம். பெரும்பாலான மரகதங்களின் விரிசல்களில் எண்ணெய் ஊட்டியிருப்பார்கள், அது வெளியேறினால் மறைந்திருந்த விரிசல்கள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிய ஆரம்பிக்கும்.